இடக்கை நாரை

3 மார்ச் 1991, ஞாயிறு

என் பெயர் தெய்வசிகாமணி. மலேசியாவின் பட்டர்வொர்த் வட்டாரத்தில் சிகாமணி மாஸ்டர் என்றால் நாய்கூட எழுந்து வழிவிடும். வயது ஐம்பத்திரண்டு. பார்ப்பவர்கள் முப்பத்தெட்டு என்பார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஆறாம் வகுப்பில் உள்ளதெல்லாம் ஐந்திலேயே தெரிந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டேன். டயர் கடைக்கு மேல்மாடியில் தென் ஷாவ்லின் வெள்ளை நாரை என்ற சீனச் சண்டைவித்தைக் கழகம் நடத்துகிறேன். நாற்பது மாணவர்கள். இன்று வந்தவர்கள் ஆறு பேர். மழை.

நேற்று மீன் பசாரில் ஐந்து பேர் பாராங் கத்தியோடு என்னைச் சூழ்ந்தார்கள். முதலாமவனுக்கு அலகு அடி கொடுத்தேன். ஐந்து விரலையும் நாரை மூக்கு மாதிரி குவித்துக் குரல்வளையில் ஒரே கொத்து. ஐஸ் பெட்டிக்குள் போய் விழுந்தான். இரண்டாமவனுடைய முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. மற்ற மூவரை என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை, அவ்வளவு வேகம்.

சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதியது தப்பாகிவிட்டது. அடுப்படியிலிருந்து தனபாக்கியம், "ரெண்டு பேருங்க. ஒருத்தன் குடிச்சிருந்தான். அடிச்சது என் தம்பி," என்றாள். முப்பது வருடமாக என் மனைவி. இன்னும் கணக்கு வரவில்லை.

அவள் தம்பி வீரையாதான் என் தலைமை மாணவன். துறைமுகத்தில் கப்பல் பெட்டிகளை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை. கை ஒவ்வொன்றும் தேக்குக் கட்டை. பதினொரு வருடமாக என்னிடம் கற்கிறான். வெள்ளை நாரைக்கு ஏழு வாசல், அதாவது ஏழு பாடம். ஆறு சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஏழாவதை வேளை வரும்போது சொல்வேன் என்று வைத்திருக்கிறேன். அதற்காகவே அவன் ஒருநாள் வகுப்பும் தவறியதில்லை.

என் குரு வம்சத்தையும் எழுதிவைக்கிறேன். சீனத்தின் தெற்கே ஒரு மலைக்கோயிலை அரசன் எரித்தான். ஐந்து துறவிகள் தப்பினார்கள். அதில் ஒருவருடைய நேர் வழியில் வந்தவர் பினாங்கு லிம் சிஃபு. சிஃபு என்றால் குரு. அந்தக் கோயிலுக்கு வித்தையைக் கொண்டுபோனவர் காஞ்சிபுரத்துப் போதிதர்மர். ஆக, நம் பொருள்தான் சுற்றிக்கொண்டு என்னிடம் திரும்பி வந்திருக்கிறது.

1961இல் லிம் சிஃபு என்னை ஏற்றுக்கொண்டார். இரகசியம் வெளியே தெரியாமலிருக்க எதிர்க் கோப்பிக் கடையில் வேலை பார்ப்பதுபோல் நடித்தேன். மேல்மாடியில் கோப்பை கழுவுமிடம். ஜன்னலில் நின்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் சிஃபுவின் கூடம். மாணவர்கள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். சிஃபு என் பக்கம் முகம் காட்டி நிற்பார். முதுகைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவன் கடைசிவரை மாணவன்தான். எடுத்தால் குருவை எடுக்க வேண்டும். அவர் கை எந்தப் பக்கம் உயர்ந்ததோ, அந்தப் பக்கத்துக் கையை நானும் தூக்கினேன். ஆறு வருடம்.

10 மார்ச், ஞாயிறு

சீனக் கோயில் ஆண்டு விழா. ஆறேழு சீனக் கழகங்கள் வித்தை காட்டின. ஒரே தமிழர் கழகம் நாங்கள்தான். மூவாயிரம் பேர் கூட்டம்.

மேடையேறி எங்கள் வணக்கத்தை வைத்தேன். இடது கையை முஷ்டியாக்கி, வலது உள்ளங்கையால் மூடி, நெஞ்சுக்கு முன்னால் நீட்டுவது. கூட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி பேரனை இழுத்து முகத்தைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள். என் தேஜஸ் அப்படி.

இறங்கி வந்ததும் மெலிந்த சீனர் ஒருவர் எதிரே வந்தார். தடித்த கண்ணாடி, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சட்டை. மலாயில் கேட்டார். "யார் செத்தது?"

என் அடி பட்டால் சாவுதான் என்று பார்த்தவுடனே புரிந்துகொண்டார் போலும் என்று சிரித்தேன். கோயில் செயலாளர் கோ என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் வலது முஷ்டியை இடது கை மூட வேண்டுமாம். மாற்றி மூடுவது பிணத்துக்கு முன்னால். இல்லையென்றால், எதிரே நிற்பவனைப் பிணமாக்கப் போகிறேன் என்று சொல்வதற்கு.

"உயர்ந்த கழகங்களில் அப்படித்தான்," என்று சமாளித்தேன்.

கண்ணாடிக்காரர் பெயர் ஓங். "கை எங்க கழகத்துக் கை. ஆனா சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு. யார் குடுத்தது உனக்கு?"

"லிம் சிஃபு."

"அம்பத்தெட்டிலேருந்து எழுவது வரைக்கும் லிம் சிஃபுகிட்ட இருந்தவன் நான். உன்னை நான் பார்த்ததே இல்லையே."

"தனிப் பாடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியென்றால் இருபத்து நான்காம் தேதி காலையில் தன் கூடத்துக்கு வந்து கையைக் காட்டச் சொன்னார். சண்டையில் சிஃபு தன் மாணவனை முதலில் இறக்கலாம். அவன் எழ முடியாமல் விழுந்துவிட்டால் அடுத்தது சிஃபு. ஆனால் இறங்கியவன் தானாக நிறுத்த முடியாது. நிறுத்து என்று சொல்கிற உரிமை அவனுடைய சிஃபுவுக்கு மட்டும். சொல்லிவிட்டால், கழகத்துப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் குருவின் பெயரை அந்தச் சிஃபுவே தன் கையால் அழிக்க வேண்டும். அதுவரை என்ன உடைந்தாலும் போலீஸ் கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் வீரையா முன்னால் வந்து, "எங்க மாஸ்டர் எதுக்கு. நான் வர்றேன்," என்றான்.

11 மார்ச்

தம்பி இறங்கப்போவது தனபாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. சோறு மட்டும் வைத்தாள்.

14 மார்ச், வியாழன்

மாலை வகுப்பில் படிக்கட்டில் பன்னிரண்டு பேர் ஏறி வந்து தாக்கினார்கள். ஓங் அனுப்பவில்லையாம். மேடையில் நான் வைத்த வணக்கம் பொறுக்காமல் அவர் மாணவர்கள் தாங்களாகவே வந்தார்களாம். இரும்புக் குழாய், சைக்கிள் சங்கிலி.

படிக்கட்டு குறுகல். நான் மேல்படியில் நின்று போர்த் தந்திரம் வகுத்தேன். அதை வீரையா கீழே செய்துகாட்டினான். முதலில் வந்தவன் குழாயை வீசினான். வீரையா அதைத் தோளில் வாங்கிக்கொண்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பிடிக் கம்பியில் வைத்து முழு எடையோடு சாய்ந்தான். ஈரக் குச்சி ஒடிகிற சத்தம். இரண்டாமவனைக் காதைப் பிடித்து இழுத்து முகத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டே நான்கு படி இறக்கினான். சுண்ணாம்பில் சிவப்பாக ஒரு கோடு இன்னமும் இருக்கிறது. மூன்றாவது ஆள் ஓடிவிட்டான். மற்ற ஒன்பது பேரும் அவனோடு ஓடியிருக்க வேண்டும்.

என் பல் ஒன்று போனது. சண்டையில்தான். தந்திரம் வகுக்கும்போது பின்னால் இருந்த பீரோ இடித்தது என்று வீரையா அக்காளிடம் சொன்னது சரியல்ல.

டிங்சர் தடவிக்கொண்டே தனபாக்கியம் கேட்டாள். "ஏங்க, அந்தாளு பேரைத் தொடச்சிட்டா என்ன கொறஞ்சிடும்? சிகாமணி கழகம்னு வைங்க. யாரு கேக்கப் போறா."

"வம்சம் இல்லாத வித்தை வெறும் அடிதடி."

"படிக்கட்டுல நடந்தது என்ன, பூஜையா?"

அவளுக்கு வம்சம் என்றால் என்னவென்று தெரியாது.

17 மார்ச், ஞாயிறு

மணல் மூட்டை, விரல் குவிப்பு, இடுப்பு இறக்கம். வீரையாவை மூன்று மணி நேரம் பிழிந்தேன். கொய்யாக் கட்டையைக் குத்திக் குத்தி அவன் விரல் முட்டிகள் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தன. வலிக்கிறது என்று ஒரு சொல் இல்லை.

தண்ணீர் குடிக்கும்போது கேட்டான். "அத்தான், ஏழாவது வாசல் இல்லாமலே போகட்டுமா?"

"தேவைப்பட்டால் அங்கேயே சொல்வேன். நெருக்கடியில்தான் அது மனதில் பதியும்."

"நீங்க சொல்ற வரைக்கும் நான் விழ மாட்டேன்," என்றான். அவன் மகள் படத்தைப் பணப்பையிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் வைத்தான், வியர்வை படக் கூடாது என்று. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

20 மார்ச், புதன்

ஓங் தனியாகக் கழகத்துக்கு வந்தார். என்னிடம் கெஞ்சத்தான் வந்தார். ஆனால் கெஞ்சுகிற முகமாக இல்லை.

போதிதர்மரைப் பற்றி எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார். "போன வருஷம் சீனா போயிருந்தேன், எரிஞ்ச கோயிலைக் கும்பிடலாம்னு. மூணு ஊர்ல மூணு கோயில் காட்டினாங்க. மூணுமே எரிஞ்சதாம். மூணாவது ஊர்ல சிமெண்ட் இன்னும் காயலை."

"அப்போ உங்கள் வம்சமும் பொய்தானா?"

"இருக்கலாம். லிம் சிஃபு கப்பல்ல வந்து எறங்கி எண்ணெய் மருந்து வித்தவர். யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா அடிப்பார். அவருக்கு மேல நடந்ததுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனா சீடனாச் சேர நான் முழங்கால் போட்டு தேத்தண்ணி கொடுத்தேன், அவர் வாங்கிக் குடிச்சார். அது எனக்குத் தெரியும். அவ்வளவுதான் வம்சம். உன் கையால குடிச்சாரா?"

"ஆயிரம் தடவை," என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். நெற்றி, காது, கை. பிறகு மெதுவாக, "எதிர்ல அந்த ஹைனான்காரன் கோப்பிக் கடையில தட்டு தூக்கிட்டு வருவானே ஒருத்தன்," என்றார்.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். மழை வருகிற மாதிரி இருந்தது.

"பேரை மட்டும் எடுத்துடு. நான் யாருக்கும் சொல்லலை. உன் ஆளும் முழுசா வீட்டுக்குப் போவான். ஞாயித்துக்கிழமை வந்துட்டா நான் கை தளர்த்த மாட்டேன். படிக்கட்டுல என் மாணவன் ஒருத்தனோட மணிக்கட்டை ஒடிச்சிருக்கான்."

முடியாது என்று கர்ஜித்தேன். அவர் நடுங்கிப்போய் எழுந்தார். படியிறங்கும்போது சுவரிலிருந்த சிவப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

23 மார்ச்

மூன்று தடவை வீரையா வீடு வரை போனேன். மூன்று தடவையும் அவன் மகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

24 மார்ச், ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு ஓங்கின் கூடம். சுவரில் எரிகிற கோயிலின் படம், அதன் கீழே லிம் சிஃபுவின் படம். பார்க்க இருபது பேர். விதிகளை எழுதிய காகிதத்தில் நான் கையெழுத்து வைத்தேன். வீரையா வைத்தான்.

முதலில் இறங்கியவன் ஓங்கின் மூத்த மாணவன், கறிக்கடைக்காரன், அகன்ற தோள். வணங்கிவிட்டு நேராக வந்தான். அவன் படித்த வெள்ளை நாரையில் எந்த அடி எந்தக் கையிலிருந்து வரும் என்று எழுதிவைத்திருக்கிறது. வீரையாவிடம் எல்லாம் மறுபக்கம். கறிக்கடைக்காரன் பாதுகாப்பான பக்கம் என்று நினைத்து ஒதுங்கின இடத்தில்தான் வீரையாவின் இடக்கை அலகு இருந்தது. மூக்கு நொறுங்கியது. அவன் நிமிர்வதற்குள் விலாவில் முழங்கை, அதே இடத்தில் இன்னொன்று. ஏதோ உள்ளே விட்டுக்கொடுத்தது எனக்கே கேட்டது. தரையில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினான், ஒவ்வொரு மூச்சிலும் இரத்தம் குமிழி விட்டது. அவனால் எழ முடியவில்லை. விழுந்துவிட்டான் என்று ஓங் கையைக் காட்டினார்.

வீரையா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்து போதாது.

பிறகு ஓங் கண்ணாடியைக் கழற்றி லிம் சிஃபுவின் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத் தானே இறங்கினார். ஐம்பத்தெட்டு வயது. வலது காலைப் பின்னால் இழுத்து, தன்னையும் பக்கம் மாற்றி நின்றார். இனி வீரையாவின் எந்தக் கையும் அவருக்குப் புதிதில்லை.

வீரையா கொத்தினான். கிழவர் அந்தக் கையை ஓரமாக வழித்துவிட்டு விரல்களை மட்டும் பிடித்தார். இரண்டு விரல் பின்னால் போயின. வீரையா கத்தவில்லை. மறு கையை வீசினான். அதையும் வாங்கி, மூட்டுக்குக் கீழே தோளைக் கொடுத்து எழுந்தார் கிழவர். முழங்கை தலைகீழாக வளைந்தது. அந்தச் சத்தத்தில் இருபது பேரில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பினார்கள். பிறகு முழங்காலில் உதை. வீரையா ஒரு காலில் மண்டியிட்டான்.

விழவில்லை. எழுந்தான். முகத்தில் உள்ளங்கை அடி வாங்கினான். எழுந்தான். உதடு கிழிந்து பல் தெரிந்தது.

ஓங் அடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். வீரையாவும் என்னைப் பார்த்தான்.

"அத்தான், ஏழாவது," என்றான். "இப்ப சொல்லுங்க."

மறுபடியும் அடி. விலாவில். "அத்தான், சொல்லுங்க."

அந்த நொடியில் என் மூளை வேலை செய்த வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே ஆச்சரியம். ஒரு தந்திரம் பிடித்தேன். எழுந்து நின்று நிறுத்து என்றேன். எல்லோரும் நம்பும்படி ஒரு கட்டுக்கதையைச் சொன்னேன்.

லிம் சிஃபு எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். நான் எதிர்க் கடையில் கோப்பை கழுவினவன். ஜன்னலில் நின்று திருடினேன், முதலாளி பார்த்தால் தட்டாலேயே மண்டையில் போடுவார், சோப்புத் தண்ணீரில் கை வெந்து கிடக்கும், அந்தக் கையைத்தான் அலகாகக் குவித்துப் பழகினேன். தினமும் சிஃபுவுக்குக் கோப்பியும் தேநீரும் கொண்டுபோய் வைப்பேன். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசியது ஒரே தடவை. சர்க்கரை குறைவு என்றார். ஏழாவது வாசல் என்று எதுவும் கிடையாது, வீரையா வராமல் போய்விடுவானோ என்று நான் வைத்தது. இப்படியெல்லாம் சொன்னேன். அவ்வளவு பேரும் நம்பிவிட்டார்கள். என் நாக்கின் சக்தி அப்படி.

ஓங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மூச்சு வாங்கியது அவருக்கும்.

"லிம் சிஃபு கூடத்துக்குள்ளே புழுக்கமா இருக்கும்," என்றார். "அப்போ தெருப்பக்க ஜன்னலைத் தினமும் திறந்துவைக்கிறது என் வேலை."

வீரையாவைத் தூக்க அவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

25 மார்ச், திங்கள்

மருத்துவமனை. வலது முழங்கையில் ஆணி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இனி முழுதாக நீளாது என்று டாக்டர் சொன்னார். துறைமுகத்தில் கம்பி இழுக்கிற வேலை இல்லை என்றும் சொன்னார். தனபாக்கியம் அதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

வீரையாவுக்கு முகம் வீங்கி ஒரு கண்தான் திறந்திருந்தது. அதில் சிரிப்பு.

"அத்தான், அந்தக் கோப்பிக்கடைக் கதைய எப்படி அவ்ளோ சட்டுனு கட்டுனீங்க. எனக்கே ஒரு நிமிஷம் திக்குனு ஆயிடுச்சு."

"அதெல்லாம் அனுபவம்," என்றேன்.

"என்னைக் காப்பாத்த உங்க பேரையே கெடுத்துக்கிட்டீங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "இப்பதான் யாரும் இல்லையே. ஏழாவதைச் சொல்லுங்க. ஒத்தக் கையிலேயே பழகிக்கிறேன்."

நாளைக்கு என்றேன்.

26 மார்ச்

போகவில்லை. பலகையை இறக்கி மண்ணெண்ணெயில் துணி நனைத்து லிம் சிஃபுவின் பெயரைத் துடைத்தேன். நல்ல பெயின்ட். வர மறுத்தது.

27 மார்ச், புதன்

பன்னிரண்டு மணிப் பார்வை நேரம். கதவைச் சாத்திவிட்டு வீரையாவிடம் சொன்னேன். அன்று கூடத்தில் சொன்னது கதை இல்லை, நடந்தது. இரண்டாவது தடவை சொல்லும்போது சேர்த்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"ஏழாவது?" என்றான்.

"இல்லப்பா."

"ஆறு?"

"நான் வச்ச பேருதான். அவங்க அதை என்னன்னு சொல்வாங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

கட்டுப் போட்ட இரண்டு விரலை நீட்டிக்கொண்டே இடது கையால் அறைந்தான். வெடிப்பு விழுந்த விரல், வலி அவனுக்குத்தான் அதிகம் இருந்திருக்கும். என் உதடு பழைய பல் இருந்த குழியில் கிழிந்தது. கையை மறுபடி ஓங்கினான். நான் நின்றேன். ஓங்கிய கை அப்படியே படுக்கையில் விழுந்தது.

கீழே யாரோ சோற்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மொதல்ல வந்தானே, கறிக்கடைக்காரன்," என்றான். "அவன் விழுந்தது நெசம்தானே?"

"நெசம். அவன் இதே கட்டடத்துல மூணாவது மாடியில இருக்கான். பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"மூக்கு எத்தனை எடத்துல ஒடஞ்சிருக்கு?"

என்னைப் பார்த்தான். அந்த ஒரு கண்ணால். எனக்கு வாய்வரை வந்தது நான்கு.

"ஒரு எடம்," என்றேன்.